ஸ்டுட்கார்ட்டில் குடியேற்றம்: என்ன சாமான் எடுத்து வரலாம், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

கோவை_வாசி:
வணக்கம். கோவையிலிருந்து குடும்பத்தோடு ஜெர்மனியிலுள்ள ஸ்டுட்கார்ட் வருகிறோம்: நான், மனைவி, ஒன்றரை வயதுப் பிள்ளை. முதல் மாதம் தற்காலிக அபார்ட்மென்ட், அதற்குள் வாடகை வீடு பிடிக்க வேண்டும். மிக்ஸி, குக்கர் எடுத்து வரலாமா? சாப்பாட்டுச் சாமானில் எது கஸ்டம்ஸில் மாட்டும்? வீட்டு விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

நெக்கர்_கரை:
சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் வரக்கூடாது. நெய், பன்னீர், பால்கோவா எல்லாம் இதில் அடக்கம். வீட்டில் உருக்கிய நெய் என்று சொன்னாலும் குப்பைத்தொட்டிதான். பிள்ளைக்கான பால் பவுடருக்கு மட்டும் விலக்கு உண்டு: 2 கிலோ வரை, கம்பெனி சீல் பிரிக்காமல், திறக்கும்வரை ஃப்ரிட்ஜ் தேவைப்படாத வகையாக இருக்க வேண்டும். மீனுக்குத் தனிக் கணக்கு. கருவாடு 20 கிலோ வரை வரலாம். பக்கத்து சீட்காரர் பாவம், காற்றுப் புகாமல் இரண்டு உறை போடுங்கள்.

2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், பழம், இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, டுரியான், பேரீச்சை ஐந்துக்கும்தான் விலக்கு. கறிவேப்பிலைக் கட்டு, முருங்கைக்காய், மாம்பழம் வேண்டாம். கொப்பரையை இந்திய விமான நிலையத்திலேயே செக்-இன் பையிலிருந்து எடுத்துவிடுவார்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் அது. பொடி, பருப்பு, புளி, வடகத்துக்குப் பிரச்சினை இல்லை. மருந்து சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு, டாக்டர் சீட்டோடு.

வயர்மேன்:
மிக்ஸி தாராளமாக எடுத்து வாருங்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. பிளக்தான் இடிக்கும். நம் மூன்று பின் பிளக் அங்குள்ள ஷூக்கோ சாக்கெட்டில் நுழையாது. டிராவல் அடாப்டரை நம்பாதீர்கள். மலிவான பலவற்றில் எர்த் இருக்காது, 750 வாட் இழுக்கும்போது தளர்ந்த இடத்தில் சூடேறும். அங்கே கடையில் ஷூக்கோ பிளக் வாங்கி, பழையதை வெட்டிவிட்டு மாட்டுங்கள். பச்சை-மஞ்சள் வயர் நடுவிலுள்ள எர்த் முனைக்கே போக வேண்டும். மற்ற இரண்டும் எந்தப் பக்கம் போனாலும் சரி, அந்தப் பிளக்கையே திருப்பிச் செருகலாம். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள்; இழுபட்டால் அது கடைசியில் கழல வேண்டும்.

குக்கர் என்றால் இண்டக்ஷன் அடி உள்ள ஸ்டீல் குக்கர். அங்கே கண்ணாடி மேல்தட்டு மின் அடுப்பில் இண்டக்ஷன், சாதாரணம் என்று இரண்டு வகை உண்டு, வாடகை வீட்டில் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அலுமினியக் குக்கர் இண்டக்ஷனில் சூடே ஏறாது. கேஸ்கட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு கூடுதலாக. கிரைண்டரை விடுங்கள், கல்லே பை எடையைத் தின்றுவிடும்.

சாவிக்கொத்து:
வீட்டு விஷயம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் வரும் கால்ட்மீட்ட என்பது வெறும் வாடகை. தண்ணீர், ஹீட்டிங், குப்பை சேர்த்தது வார்ம்மீட்ட. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்ட. சட்டப்படி மூன்று சம மாதத் தவணையாகக் கொடுக்கலாம், முதல் தவணை குடியேறும்போது. வீட்டையே காட்டாமல் "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போடுங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவன் மோசடிக்காரன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

காலி வீடு என்றால் நிஜமாகவே காலி. பல வீடுகளில் சமையலறை மேடை, சிங்க், அடுப்பு எதுவும் இருக்காது. கூரையில் விளக்குக்குப் பதில் வயர் தொங்கும். முந்தைய வாடகைக்காரர் தன் கிச்சனை விற்றுவிட்டுப் போவது வழக்கம், ஒப்பந்தத்துக்கு முன்பே விலை பேசி எழுத்தில் வாங்குங்கள். மின் அடுப்பு இணைப்பு 400 வோல்ட் மூன்று ஃபேஸ், அதை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புப் பட்டியல் எழுதுவார்கள். தரைக் கீறல், ஜன்னல் கைப்பிடி, குளியலறை சிலிகான் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பட்டியலில் வராத கீறல் நீங்கள் போட்டதாகவே கணக்காகும். மின்மீட்டர் எண்ணும் ரீடிங்கும் தவறக்கூடாது. குடியேறுவதற்கு முன்பே மின் நிறுவனத்தில் பதியுங்கள். 2025 ஜூன் முதல் பின்தேதியிட்டுப் பதிய வழியில்லை. சும்மா இருந்தால் உள்ளூர் அடிப்படை நிறுவனத்தின் திட்டத்தில் விழுவீர்கள், விலை பெரும்பாலும் அதிகம். இரண்டு வார நோட்டீஸில் அதிலிருந்து வெளியேறலாம்.

அடுத்தது முகவரிப் பதிவு. குடியேறிய 14 நாளுக்குள், தவறினால் 1,000 யூரோ வரை அபராதம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்றச் சான்று இல்லாமல் நடக்காது. வாடகை ஒப்பந்தம் அதற்கு மாற்று ஆகாது. பதிவு அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமானால், அதை முன்பதிவு செய்த மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். பதிந்த பிறகுதான் வரி எண் வரும், அதுவும் தபாலில்.

தபால்காரர் பார்ப்பது பெட்டியிலுள்ள பெயரை; அங்கே முகவரியில் பிளாட் எண் எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை. நம் வீட்டில் கணவனுக்கு ஒரு கடைசிப் பெயர், மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு இன்னொன்று. மூன்றையும் பெட்டியில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வரி எண், வங்கிக் கார்டு எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும்.

கோவை_வாசி:
நன்றி. அந்தத் தற்காலிக அபார்ட்மென்டிலேயே பதியலாமா? குளிர்காலம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

சாவிக்கொத்து:
அந்தச் சான்றைத் தருவார்களா என்று முன்பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். சில இடங்களில் தருவார்கள், சில இடங்களில் கையை விரிப்பார்கள். பதிந்தபின் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும்: மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று, டிவி இல்லாவிட்டாலும். வீடு மாறினால் மறுபடி 14 நாள்.

நெக்கர்_கரை:
குளிருக்கு ஒரே விஷயம், பூஞ்சை. சோறு வடிக்கும் ஆவியும் உள்ளே காயும் துணியும் ஜன்னல் மூலையில் கறுப்பாகப் படியும். ஜன்னலை நாள் முழுக்கச் சரித்து (மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்து) வைப்பது பயனில்லை, சுவர் குளிர்ந்துதான் போகும். காலை, மாலை, சமைத்த பிறகு ஹீட்டர் குமிழைக் குறைத்துவிட்டு, ஜன்னலை ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து, பிறகு மூடுங்கள். இட்லி மாவு பொங்காவிட்டால் ஓவனைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள்.