ரஃபேல் குபெலிக்: எந்த ‘மா வ்லாஸ்ட்’ பதிவிலிருந்து தொடங்கலாம்?

மழைத்தூறல்:
செக் இசையமைப்பாளர் ஸ்மெதானாவின் ‘மா வ்லாஸ்ட்’டை (‘என் தாயகம்’, இசைக்குழுவுக்கான ஆறு பகுதிப் படைப்பு) செக் நடத்துநர் குபெலிக் நடத்திய பதிவு தேடினால் சிகாகோ 1952, வியன்னா 1958, பாஸ்டன் 1971, மியூனிக் 1984, பிராக் 1990 என்று வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றுதான் கேட்க நேரம் என்றால் எது? குபெலிக் இசையமைப்பாளரும்கூடவா?

நாலுதந்தி:
பாஸ்டன் 1971. சிகாகோ பதிவு ஒரே மைக் வைத்து எடுத்த மோனோ. இடம் வலம் பிரியாது. குபெலிக்கைக் கேட்பதே அதற்காகத்தானே! இசைக்குழுவில் வயலின்கள் முதல், இரண்டாம் என்று இரு அணி; இரண்டாம் வயலின்களை முதல் வயலின்களின் பக்கத்தில் வைக்காமல், எதிரே, தன் வலப்புறம் உட்கார வைப்பார். அதில் சிக்கலும் உண்டு. வலப்புற வயலின்களின் ஒலித்துளைகள் மேடையின் உள்பக்கம் திரும்பிவிடுவதால் சத்தம் அடங்கும். இரு அணிக்கும் தூரம் அதிகம் என்பதால் சேர்ந்து தொடங்குவதும் கஷ்டம். பழகிய குழு வேண்டும். மியூனிக்கின் பவேரிய வானொலி இசைக்குழுவை 1961 முதல் 1979 வரை அவரே நடத்தினார். அவர்களோடு எடுத்த, இசையமைப்பாளர் மாலரின் 9ஆம் சிம்பொனியைப் போடுங்கள்: மெட்டை எடுப்பதே இரண்டாம் வயலின்கள்தான், வலக்காதில். முதல் வயலின்கள் பிறகு இடக்காதில் வந்து சேரும். ஹெட்ஃபோன் கட்டாயம், ஃபோன் ஸ்பீக்கரில் இதெல்லாம் வீண்.

பழையரெக்கார்டு:
எனக்கு 1990தான். செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த 1948இல், எடின்பரோவுக்கு மொசார்ட்டின் ‘டான் ஜோவானி’ ஆபெராவை (இசை நாடகம்) நடத்தப் போனவர் திரும்பவில்லை. மூட்டுவாதத்தால் 1980களின் நடுவில் மேடையையே விட்டார். ஆட்சி மாறியதும் 1990 மே 12, ஸ்மெதானாவின் நினைவு நாளில், பிராக் வசந்த இசை விழாவைத் தொடங்கிவைத்தது, அவர் திரும்பி வந்து நடத்திய இந்தக் கச்சேரி. நேரடிப் பதிவு, ஸ்டுடியோத் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம்.

இசையமைப்பாளரேதான்: ஐந்து ஆபெரா, மூன்று சிம்பொனி, ரெக்வியம்கள் (இறந்தோருக்கான வழிபாட்டு இசை). ‘கார்னெலியா ஃபரோலி’ ஆபெரா ஓவியர் டிஷியனைப் பற்றியது. இவை மேடையேறுவது அபூர்வம்.

மழைத்தூறல்:
ஆப்பில் ‘மோல்டாவ்’ மட்டும் தனியாக வருகிறதே, போதுமா?

நாலுதந்தி:
அது ஆறு பகுதிகளில் இரண்டாவதான ‘வ்ல்தவா’வின் (பிராக் நகர நதி) ஜெர்மன் பெயர். முதல் பகுதியான ‘விஷெஹ்ராட்’டில் (பிராக் கோட்டை ஒன்றின் பெயர்) ஹார்ப் வாசிக்கும் மெட்டு ‘வ்ல்தவா’வின் முடிவில் திரும்பி வரும். முதலாவதைக் கேட்காதவருக்கு அது புரியாது. ஐந்தாவதான ‘தாபோர்’ முடிந்த இடத்திலேயே ஆறாவதான ‘பிளானிக்’ தொடங்குகிறது. ஷஃபிளை அணைத்துவிட்டு ஒன்றேகால் மணி ஒதுக்குங்கள்.