மறு: ‘ஸ்கோரிங்’ – கீறல் வேண்டாம், மடிதடம் என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம். தடித்த தாளை மடிக்கும் முன் மடிப்பு விழும் வரியை அழுத்திப் பதிப்பதுதான் ‘ஸ்கோரிங்’. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் குழு நண்பர் ஒருவர் எழுதியது:

> ஸ்கோரிங் = கீறல். சுருக்கமான சொல், எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கீறினால் மேற்பரப்பு அறுபடும். இந்த வேலையிலோ தாள் அறுபடவே கூடாது. சிறுவர் கைவினைக் குறிப்பில் “கோட்டின்மேல் கீறவும்” என்று எழுதினால் பிள்ளைகள் பிளேடைத்தான் தேடுவார்கள். அதனால்தான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

நடப்பது இதுதான். தாளை மடிக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நெருக்குண்டு மடங்குகிறது. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஜெராக்ஸ் தாள் அதைத் தாங்கிக்கொள்ளும். 250, 300 ஜிஎஸ்எம் அழைப்பிதழ் அட்டை தாங்காது. வெளிப்பக்கம் வெடித்து, அச்சிட்ட நிறத்தின் நடுவே வெள்ளைக் கோடு தெரியும். மடிக்கும் முன்பே அளவுகோலை வைத்து மழுங்கிய முனையால் அழுத்தி இழுத்துவிட்டால் (மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவே போதும்) அந்த வரியில் நார்கள் அமுங்கித் தளரும், மடிப்பு அங்கேயே நேராக விழும். வண்டி போன இடத்தில் தடம் பதிவதுபோல ஒரு பள்ளம், தாளின் மறுபக்கம் அதே வரியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். அதனால் ‘மடிதடம்’ என்கிறேன். வினையாக ‘தடமிடு’. சுடுசோறு, குடிநீர் போல வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று வராது.

‘கீறல்’ வீணாகவும் போகாது. தடித்த அட்டையில் கத்தியால் பாதி ஆழம்வரை வெட்டி மடிப்பது வேறொரு முறை. அந்தச் சொல் அதற்கே பொருந்தும்.

‘மடிப்புக்கோடு’ போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது வரைபடத்துக்கு உரியது. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1950களில் வகுத்த ஒரிகாமி (தாள் மடிப்புக் கலை) குறியீட்டில், நம்மை நோக்கி மடிக்கும் பள்ள மடிப்புக்கு விட்டுவிட்டு ஒரு கோடு, பின்னால் மடிக்கும் மலை மடிப்புக்குக் கோடும் புள்ளியுமாக ஒரு கோடு. அவை மடிப்புக்கோடுகள், தாளில் எதையும் அழுத்துவதில்லை.

சொல் சரியா என்று பார்க்க, ஒரு குறிப்பில் போட்டு எழுதிப் பார்த்தேன்:

“அட்டையின் நாரோட்டத்தை, அதாவது நார்கள் ஓடும் திசையை, பாருங்கள். இரு திசையிலும் மெல்ல வளைத்தால், எளிதாக வளையும் திசையின் மடிப்புதான் நாரோட்டத்துக்கு இணையானது. கூடியவரை அந்தத் திசையிலேயே தடமிடுங்கள். மடிதடத்தின் பள்ளம் வெளிப்புறமும் புடைப்பு உட்புறமும் வரும்படி மடியுங்கள். பிறகு நீவுகோலால் ஒருமுறை நீவிவிடுங்கள்.”

பள்ளம் இருக்கும் பக்கமாகத்தான் பலரும் மடிக்கிறார்கள். புடைப்பு உள்ளே போனால்தான் வெளிப்பக்கம் அதிகம் இழுபடாது. தடம் என்று பெயர் வைத்ததும் ‘தடத்தின் பள்ளம்’, ‘தடத்தின் புடைப்பு’ என்று இரண்டையும் தனித்தனியே சொல்ல முடிகிறது. கீறலை வைத்து இந்த வாக்கியத்தை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

நீவுகோல் என்றது எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த தட்டையான மடிப்புக் கருவியை. அச்சகத்திலோ பைண்டிங் கடையிலோ வேலை பார்ப்பவர்கள் குழுவில் இருந்தால், அங்கே அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். புழக்கத்தில் நல்ல சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.