மறுமொழி: 'நடப்புப் பயன்பாட்டு உரிமை' இடிக்கிறது; 'புழக்க உரிமை' எப்படி?

> எக்சிஸ்டிங் யூஸ் ரைட் என்பதற்கு 'நடப்புப் பயன்பாட்டு உரிமை' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு என்றால் இன்றைக்கு ஓடுவது. இந்த உரிமை, நிலத்துக்குப் புதுத் திட்டம் வந்த பிறகும் பழைய பயன்பாட்டைத் தொடர்வது பற்றியது; இதற்கு இன்றைய தேதி முக்கியமில்லை. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவைப் பாருங்கள். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் வளர்ச்சித் திட்டம் அமலுக்கு வந்த நாளில் நிலம் எதற்கு, எந்த அளவுக்குப் பயன்பட்டதோ, அதைத் திட்டம் சொல்லும் காலம்வரை தொடர விடலாம் என்கிறது.

எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டின் பின்கட்டில் கொலுசுப் பட்டறை இருக்கும். முன்னால் கோலம், பின்னால் ஊதுகுழலும் சுத்தியல் சத்தமும். அந்தத் தெருவைக் குடியிருப்புப் பகுதி என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டினாலும் பட்டறையை உடனே மூடச் சொல்ல முடியாது. மாடியில் இன்னொரு பட்டறை போட்டால் கதை வேறு, 'அளவு' மீறிப்போச்சு.

ஒரு நண்பர் 'அனுபோக உரிமை' என்றார். பத்திரம் எழுதிப் பிழைக்கிற எனக்கு அது ஆகாது. "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று தினமும் எழுதுகிறேன். அங்கே அனுபவம் என்றால் கைவசம் வைத்திருப்பது. நிலத்தில் என்ன தொழில் நடக்கிறது என்பதல்ல.

'தொடர்பயன் உரிமை' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் பயன் என்றால் லாபம் என்றும் படிப்பார்கள்.

என் யோசனை: 'புழக்க உரிமை'. "அது ரொம்ப நாளா பட்டறையாத்தான் புழங்குது" என்று ஊரில் சொல்வதுதானே இது? பழையதும் தொடர்வதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. புழங்கி வந்த நிலம், புழக்கம் விட்ட நிலம் என்று வளைத்தும் எழுதலாம். திட்டத்துக்கு ஒவ்வாததை 'மாறுபட்ட புழக்கம்' எனலாம். நோட்டுப் புழக்கத்தோடு குழம்பும் என்பவர்கள், பக்கத்தில் 'நில' போட்டுக்கொள்ளட்டும்.

ஒரு நெருடல் உண்டு. 47-ஆம் பிரிவு 'விடலாம்' என்றுதான் சொல்கிறது. அது உரிமையா, சலுகையா? பிரிட்டனின் 1947 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அந்தச் சந்தேகம் குறைவு. அங்கே ஏற்கெனவே இருந்த பயன்பாட்டை நிறுத்தச் சொன்னால் இழப்பீடு தர வேண்டும். நம் சட்டத்தை மொழிபெயர்க்கும்போது 'புழக்க அனுமதி' என்று அடக்கி வாசிப்பதே நேர்மை என்று தோன்றுகிறது.

இழப்பீட்டை 'நட்ட ஈடு' ஆக்கிவிடாதீர்கள். பஸ் மோதினால் நட்ட ஈடு, தப்பு செய்தவன் கொடுப்பது. இங்கே தப்பு யாருடையதும் இல்லை.

பட்டறைக்காரரிடம் 'புழக்க உரிமை' என்று சொல்லிப் பார்த்தேன். விளக்கம் கேட்கவில்லை. "அதுக்கு எந்த ஆபீஸ்ல மனு போடணும்?" என்றார்.