சளியில் டிபி இல்லை, காய்ச்சலும் விடவில்லை

திருப்பாலைக்குடி மகள்:
அப்பாவுக்கு வயது 58. சர்க்கரை வந்து 15 வருடம், மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை வேறு. ஐப்பசி மழை பிடித்ததும் களையெடுக்க வயலில் இறங்கினார். காலெல்லாம் பித்தவெடிப்பு, செருப்புப் போடுகிற வழக்கமே கிடையாது.

கார்த்திகையில் காய்ச்சல் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் குளிர் நடுக்கம், இருமல், ஆள் பாதியாகிவிட்டார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் தெரிந்தது. சளியில் இரண்டு தடவையும் டிபி கிருமி இல்லை என்று வந்தும், டிபி மாத்திரைதான் கொடுத்தார்கள். 6 வாரம் ஓடியது. அந்த நிழலைப் பார்த்தால் யாருக்கும் முதலில் டிபிதான் தோன்றும், அதை நான் குறை சொல்லவில்லை. மாத்திரை கேட்கவில்லை என்று தெரிந்த பிறகாவது வேறு பக்கம் யோசித்திருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் போகவில்லை.

அப்புறம் மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். அங்கிருந்த டாக்டரம்மா, "ஐயா, என்ன வேலை பார்க்கிறீங்க? கண்மாய்த் தண்ணி, சேத்துலே இறங்குவீங்களா?" என்று கேட்டார். அதுவரை எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி. ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்ததோடு நிற்காமல், சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கிற ஒரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸாக இருக்கலாம் என்று லேபுக்கு அவரே போன் செய்து சொன்னார். நாலாம் நாள் அதுதான் என்று உறுதியானது. செப்டாசிடிம் ஊசி 4 வாரம், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை 3 மாதம். இப்போது நடமாடுகிறார்.

லேப் டெக்னீஷியன், ராமநாதபுரம்:
அக்கா, அந்தப் போன்தான் பெரிய விஷயம். ஒருமுறை சர்க்கரை நோயாளி ஒருவரின் சீழில் வளர்ந்ததை நான் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்று எழுதப் போனேன். ஜென்டாமைசின், கோலிஸ்டின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துக்கும் அது அடங்கவில்லை. ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கியது. சூடோமோனாஸ் அப்படி நடக்காது. கிருமி வளர்த்த தட்டை எறியாமல் வைத்திருந்தேன். நாலு நாளில் காய்ந்த பூ மாதிரி சுருங்கி வந்தது. அதுவும் மெலியாய்டோசிஸ் கிருமிதான். 1912இல் பர்மாவின் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற டாக்டர்கள் எழுதிவைத்த நோய் இது, இன்னும் நம் கையில் நழுவுகிறது. முன்கூட்டிச் சொன்னால் எங்களுக்கும் பாதுகாப்பு. இந்தத் தட்டைத் திறந்து மோந்து பார்ப்பது ஆபத்து.

நர்ஸ், பாம்பன் பக்கம்:
வயலில் மட்டும் இல்லை, கடலிலும் இப்படி உண்டு. ஈரல் சுருங்கிப்போன மீனவர் ஒருவர். வலை பிரிக்கும்போது கையில் நண்டு இடுக்கியிருக்கிறது. மறுநாளே முழங்கை வரை வீக்கம், கருநீலக் கொப்புளம், பிரஷரும் இறங்கிவிட்டது. சொறிமீன் பட்டது என்றுதான் தூக்கி வந்தார்கள். "காயத்தைக் கடல் தண்ணியிலதான் கழுவினாரு" என்று அவர் மனைவி சொன்னதும் டூட்டி டாக்டருக்குப் பிடிபட்டது: கடல் தண்ணியில் இருக்கிற விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி. கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளினும் செப்டாசிடிமும் ஏற்றி, அன்று இரவே கையைத் திறந்து அழுகிய சதையை எடுத்தார்கள். இரண்டு விரல் போயிற்று. ஆள் பிழைத்தார்.