அப்பாவுக்கு மீசோதெலியோமா: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு வயது 71. மூன்று மாதமாக மூச்சு வாங்கியது, சளி என்றுதான் நினைத்தோம். ஸ்கேனில் பார்த்தால் வலது நுரையீரலைச் சுற்றி நீர். ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள், இரண்டே வாரத்தில் மறுபடி சேர்ந்துவிட்டது. அப்புறம் பயாப்ஸியில் வந்த பெயர்தான் மீசோதெலியோமா. நுரையீரலுக்குள் வருவது இல்லையாம், அதைப் போர்த்தியிருக்கும் உறையில் வரும் புற்றுநோய்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் வேலை பார்த்தீர்களா?" என்பதுதான். 25 வயதில் ஆறு வருடம் பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியவர் அப்பா. மாவில் புரண்டது போலச் சட்டையோடு வருவார், அம்மா அதை உதறிவிட்டுத்தான் துவைப்பார். அந்தத் தூசியை மூச்சில் இழுத்த பிறகு நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம்கூட ஆகுமாம். சிகரெட்டே தொடாதவருக்கு எப்படி என்று குழம்பினோம். இந்த நோய்க்கும் புகைக்கும் சம்பந்தமே இல்லையாம்.

ரிப்போர்ட்டில் எபிதீலியாய்டு என்று இருக்கிறது. மூன்று வகைகளில் இதுதான் கொஞ்சம் தேவலை என்கிறார்கள். பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் கீமோவா, நிவோலுமாப், இபிலிமுமாப் இம்யூனோதெரபியா (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) என்று எங்களையே யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வயதில் யாராவது எடுத்திருந்தால், உடம்பு எப்படித் தாங்கியது? நீர் சேராமலிருக்க டால்க் பவுடர் போட்டு நுரையீரல் உறையை ஒட்டவைத்தார்களா, வீட்டிலேயே வடிக்கும் குழாய் வைத்தார்களா? அந்தச் சட்டைகளை உதறிய அம்மாவுக்கும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

மூலிகை லிங்க் மட்டும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே பதினேழு வந்துவிட்டது.