மூலனூர்க் கொறங்காட்டை மரத்தோட்டமாக்க ஒப்பந்தம் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: அமராவதிக்கரை

அனைவருக்கும் வணக்கம். மூலனூருக்கு அருகே எங்கள் குடும்பத்திற்கு 14 ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது. பாசனம் கிடையாது, அப்பாரு காலத்திலிருந்தே கொறங்காடாக, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடாகக் கிடக்கிறது. நான் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பதால், செம்மறிப்பட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். நிலத்தின் இன்றைய விலையோடு ஒப்பிட்டால் அந்தக் குத்தகைப் பணம் பெயருக்குத்தான்.

இப்போது ஒரு நிறுவனம் 30 ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறது. காட்டைச் சுத்தம் செய்து மலைவேம்பு நட்டு, வெட்டுமரத்திலும் கார்பன் வரவிலும் (மரம் சேமிக்கும் கார்பனுக்குச் சான்று வாங்கி விற்பது) பங்கு தருவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் தந்த ஏட்டில் இயற்கை மூலதனம், சுழற்சிப் பொருளாதாரம், மீளுருவாக்கம் என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. எங்களிடம் ஆடை வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்களின் படிவங்களிலும் இதே சொற்கள் வருவதால், இதை முற்றிலும் வெறும் பேச்சு என்று தள்ளவும் மனம் வரவில்லை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கிறது. அதற்காக வருவதெல்லாம் ஈமு என்று சொல்லிவிட முடியுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மேட்டுப்பாளையத்து வனவியலார்

ஐயா, அவர்கள் மூலதனம் என்று சொல்வதால், கணக்கிலிருந்தே தொடங்குவோம். பிரிட்டன் கருவூலத்துறைக்காகப் பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா 2021-இல் அளித்த அறிக்கையின்படி, 1992-க்கும் 2014-க்கும் இடையில் உலகில் தலைக்குரிய உற்பத்தி மூலதனம் (எந்திரம், கட்டடம், சாலை போன்றவை) இரு மடங்கானது. மண், நீர், காடு போன்ற இயற்கை மூலதனமோ தலைக்கு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. எந்திரத்தின் தேய்மானத்தை எழுத ஏடு இருக்கிறது, மண்ணும் புல்லும் தேய்வதை எழுத ஏடு இல்லை என்பதே அந்த அறிக்கையின் சாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் நிலத்திலும் குத்தகைத் தொகை மட்டுமே எழுதப்படுகிறது. மற்றவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அந்த மற்றவை எவை என்று பாருங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், அடியில் கொழுக்கட்டைப் புல் என்று மூன்று அடுக்காக அமைந்து, மேற்கு மலையின் மழை மறைவில் இருக்கும் அந்தச் செம்மண்ணில் ஒரு சொட்டுப் பாசனமும் இல்லாமல் தலைமுறைகளாகப் பலன் தருகிறது கொறங்காடு. புல் பல ஆண்டு வாழ்வது. அதன் வேர் மண்ணைப் பிடித்து வைக்கிறது. புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகிறது. மேய்ந்தவற்றின் சாணமும் புழுக்கையும் அங்கேயே விழுகின்றன. காங்கயம் மாடு இந்த நிலத்தில் உருவான இனம். கொறங்காடு சுருங்கச் சுருங்க அந்த இனத்துக்கான மேய்ச்சலும் சுருங்குகிறது. அந்த நிறுவனம் ஏட்டில் எழுதியிருக்கும் சுழற்சியும் மீளுருவாக்கமும் ஏற்கெனவே உங்கள் வேலிக்குள் நடந்துகொண்டிருக்கின்றன. அதை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை நடுவதற்குத்தான் உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

மலைவேம்பைக் குறை சொல்லவில்லை. ஒட்டுப்பலகைக்கும் காகிதக்கூழுக்கும் நல்ல மரம். ஆனால் ஆழமான மண்ணும் முதல் சில ஆண்டுகளுக்குத் தண்ணீரும் இருந்தால்தான் சொன்னபடி பருக்கும். பாசனம் இல்லாத உங்கள் மேட்டாங்காட்டில் எதை நம்பி வெட்டுமரக் கணக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு போடுவதாகச் சொன்னால், நிலத்தடி நீர் என்ற இன்னொரு மூலதனத்தை எடுத்து மரமாக்குகிறார்கள் என்று பொருள்.

அடுத்தது கார்பன். 1 டன் கார்பன் ஏறத்தாழ 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்ற கணக்கில் மரத்தின் எடையை வரவாக மாற்றுகிறார்கள். அந்த வரவுக்குச் சான்று கிடைக்க இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. இந்தத் திட்டப் பணம் இல்லாவிட்டால் அந்த மரங்கள் அங்கே வளர்ந்திருக்க மாட்டா என்று காட்ட வேண்டும். சேமித்த கார்பன் நெடுங்காலம் அங்கேயே நிற்க வேண்டும். வெட்டி விற்கப்போகும் மரத்துக்கு இரண்டாவது நிபந்தனையே சிக்கல்தான். அதோடு, உலக அளவில் புழங்கும் முதன்மையான சான்றுமுறை, திட்டம் தொடங்குவதற்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள் இயற்கைத் தாவரங்களை அழித்த நிலத்தில் மரம் நட்டால் ஏற்பதில்லை. 'காட்டைச் சுத்தம் செய்து' என்று உங்களிடம் சொன்னார்களே, அந்தச் சொல்லைச் சான்றளிப்பவரிடமும் அப்படியே சொல்வார்களா?

மரம் எங்கே நட்டாலும் நன்மைதான் என்ற எண்ணத்துக்கு நம் மலையே எதிர்ச்சாட்சி. நீலகிரி மேல்மலைப் புல்வெளிகளைத் தரிசு என்று கருதிச் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) நட்டார்கள். சீகை பரவிய இடங்களில் புல்வெளி போயிற்று. இன்று அதே சீகையை வேரோடு அகற்ற அரசு செலவிடுகிறது.

பதில் 2: நொய்யல்வாசி

மேலே சொன்ன சீகையும் கற்பூர மரமும் எங்கே போயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுமுகையில் பவானிக் கரையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்குப் போயின. மரத்திலிருந்து இழை, இழையிலிருந்து துணி. இன்றைய ஏட்டில் எழுதினால் முழுமையான பசுமைத் திட்டமாகத் தெரியும். கழிவு பவானியில் கலந்து, கடைசியில் ஆலையே மூடப்பட்டது.

நான் சாயத் தொழிலில் இருப்பவன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு துளியும் வெளியே போகாத முறைக்குத் திருப்பூர் மாறியது. தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறோம். அது உண்மையான சாதனை. ஆனால் ஆவியாக்கிகளுக்கும் பாய்லர்களுக்கும் நாங்கள் எரிப்பது பெரும்பாலும் விறகு. எந்தக் காட்டிலிருந்து, எந்தத் தோப்பிலிருந்து அது லாரியில் வருகிறது என்று வாங்குபவரின் படிவம் கேட்பதும் அரிது, நாம் எழுதுவதும் அரிது. நீருக்குச் சுழற்சி, விறகுக்கு எரித்ததோடு முடியும் நேர்க்கோடு என்றால் பாதிக் கணக்குத்தான். காட்டில் முதலீடு செய்ய நம் தொழிலுக்கு விருப்பம் இருந்தால், சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் நிலங்களை எடுத்து, விறகை நமக்கு வைத்துக்கொண்டு, மண்ணை மீட்டுக்கொடுக்கும் திட்டங்களில் போடலாம். கொறங்காட்டில் கைவைக்கத் தேவையே இல்லை.

பதில் 3: கண்ணபுரம் சந்தைக்காரர்

எங்களிடம் மேச்சேரி ஆடும் நாலைந்து காங்கயம் உருப்படிகளும் உண்டு. வெள்ளகோவில் பக்கம் எங்களைச் சுற்றியிருந்த கொறங்காடுகள் மனையாகவும் சோலார் பண்ணையாகவும் மாறிவிட்டதால், மேய்ச்சலுக்குக் காடு தேடித் தொலைதூரம் போகிறோம். உங்கள் குத்தகை குறைவாக இருப்பதற்குக் காடு மெலிந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். வேலி எப்படி இருக்கிறது? புல் அடர்த்தி உண்டா?

அமராவதிக்கரை

மூவருக்கும் நன்றி. வேலி பல இடங்களில் விட்டுப்போய்விட்டது. வெள்வேல மரங்களும் முன்புபோல் இல்லை. அப்படியானால் அந்த நிறுவனத்திடம், மலைவேம்பு வேண்டாம், கொறங்காட்டையே மீட்டுத் தாருங்கள், அதற்குக் கார்பன் வரவு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கலாமா? இன்னொன்று: திட்டத்தில் யூனிட் வாங்கிப் பணமும் போடச் சொல்கிறார்கள்.

பதில் 1: மேட்டுப்பாளையத்து வனவியலார்

கேட்கலாம். ஆனால் 14 ஏக்கருக்குத் தனியாக மண்ணிலுள்ள கார்பனை அளந்து சான்று வாங்கும் செலவு, வரும் வரவை விழுங்கிவிடும் என்பது என் கணிப்பு. பக்கத்துக் கொறங்காட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே திட்டமாக வந்தால்தான் பேசவே இடம் உண்டு. கார்பனுக்குக் காத்திராமல், இத்தனை உருப்படிக்கு மேல் விடக்கூடாது, காட்டைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும் என்று குத்தகைச் சீட்டிலேயே எழுதுங்கள்; புல் தேறினால் குத்தகையும் தேறும்.

யூனிட் விஷயத்தில் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம்: பலரிடம் பணம் திரட்டி, நிர்வாகத்தைத் தாமே வைத்துக்கொண்டு, லாபப் பங்கு தருவதாகச் சொல்லும் திட்டம் எதுவானாலும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். 1990-களில் தேக்குத் தோட்டப் பத்திரங்களில் மக்கள் இழந்த பணத்தைப் பார்த்துத்தான் 1999-இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான ஒழுங்குமுறைகளே வந்தன.

பதில் 3: கண்ணபுரம் சந்தைக்காரர்

வேலிக்கு நாற்று வாங்கி ஏமாற வேண்டாம். இருக்கும் கிளுவையிலிருந்தே போத்து (கிளைத்துண்டு) வெட்டி மழைக்கு முன் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். பட்டிக்காரரையே செய்யச் சொல்லி, அந்த ஆண்டுக் குத்தகையில் கழித்துக்கொள்ளுங்கள். இங்கே பலரும் அப்படித்தான் பேசி முடிக்கிறார்கள்.