பைதன் தெரியும், அடுத்து ஜாவாவா ஜாவாஸ்கிரிப்ட்டா?

கேள்வி (அலஸ்தோட்டம்):
ஏ.எல்.இல் ஐசிடி எடுத்ததால் பைதன் வரும். இப்போது கோணேசபுரி கம்பஸில் இரண்டாம் வருடம், ஜாவா படிக்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் மச்சாள், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாவிட்டால் சரிவராது என்கிறார். யூடியூப்பில் கோ, ரஸ்ட் என்கிறார்கள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதிலும் உருப்படியாக ஒன்றும் எழுதாமல் நிற்கிறேன். வேலைக்கு எத்தனை புரோகிராமிங் மொழி வேண்டும்?

பதில் (உவர்மலை):
தங்கச்சி, எண்ணிக்கையை விடுங்கள். நான் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன், இன்டர்வியூவும் எடுப்பேன். சீவியில் எட்டு மொழி இருக்கும். ஒன்றில் கொஞ்சம் உள்ளே போய்க் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இரண்டாவது மொழி வேறு குணமுள்ளதாக இருக்க வேண்டும். ஜாவா உங்களுக்கு அப்படி வாய்த்திருக்கிறது. பைதனில் 7/2 என்றால் 3.5, ஜாவாவில் 3. பைதனில் முழு எண்ணாக வகுக்கும் -7//2 என்றால் -4, ஜாவாவில் -7/2 என்றால் -3. ஏன் என்று உட்கார்ந்து யோசியுங்கள். டைப் (முழு எண்ணா, தசமமா, எழுத்தா என்ற தரவு வகை) என்றால் என்ன என்பது பிடிபட்டுவிட்டால், நாளைக்குக் கொட்லின் வந்தாலும் டைப்ஸ்கிரிப்ட் வந்தாலும் பயமில்லை.

டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லைத் தள்ளிப்போடவே வேண்டாம். 1970களில் ஐபிஎம்மில் பிறந்தது, இன்றும் அதில்லாமல் நகராது. நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்கு அறை பதிவு எழுதிப் பாருங்கள். புதியவர் வரும் நாள் பழையவர் போகும் நாளுக்கு முந்தியும், புதியவர் போகும் நாள் பழையவர் வரும் நாளுக்குப் பிந்தியும் இருந்தால் மோதல். காலையில் ஒருவர் போய் மத்தியானம் இன்னொருவர் வந்தால் மோதல் இல்லை. இதைச் சரியாக எழுதிய பிறகும், சீசன் நேரத்தில் இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் இருவருக்கும் ‘அறை காலி’ என்றே வரலாம். அங்கேதான் டிரான்ஸாக்ஷனும் (பல படிகளை ஒரே வேலையாகச் சேர்ப்பது) லாக்கும் (ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைப்பது) தேவைப்படும். எந்த மொழியில் எழுதினாலும் இந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கும். இதை விளக்கத் தெரிந்த பிள்ளை இரண்டு மொழியோடு வந்தாலும் நான் எடுப்பேன்.

பதில் (மூதூர்):
அண்ணா சொல்வது சரி. ஆனால் வெப் பக்கம் போவதென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டைத் தாண்ட முடியாது, பிரவுசருக்குள் ஓடுவது அதுதான். ஒன்று கவனம்: அதில் '5'+3 என்றால் 53 என்று ஒட்டிவிடும். பைதன் எரர் தரும், இது பேசாமல் போய்விடும். படிவத்தில் நிரப்பும் எண் எழுத்தாகத்தான் வரும், அறை வாடகை கூட்டும்போது பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. உப்புவெளியில் மாமாவுக்கு நாலு அறை இருக்கிறது, இன்னமும் கொப்பியில்தான் எழுதுகிறார். அதை வைத்தே டேபிள் போடுகிறேன். டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா?

பதில் (உவர்மலை):
போஸ்ட்கிரெஸ். ஒரே அறைக்குத் திகதிகள் மோதக்கூடாது என்ற விதியை டேபிளிலேயே எழுதிவைக்கலாம், மைஎஸ்கியூஎல்லில் அப்படி ஒன்று இல்லை. முதலில் அந்த விதி இல்லாமல் எழுதுங்கள். இரண்டு விண்டோ திறந்து ஒரே அறையை இரண்டிலும் பதிந்து பாருங்கள். அப்புறம் விதியைப் போடுங்கள்.